கீழ் வீட்டில் புதுசாகக் குளியலறை கட்டும்போது கரண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மாடி ஏற முடியவில்லை, கீழேயே ஒரு குளியலறை போட்டுவிடலாம் என்று முடிவெடுத்து வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். இருபது வருடமாக சென்னைப் புறநகரிலும் செங்கல்பட்டுப் பக்கமும் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். டைல்ஸ் என்ன நிறம், வழுக்காத தரை எது, வெஸ்டர்ன் வைக்கலாமா என்று வாரக்கணக்கில் பேசுகிற குடும்பங்கள்கூட கரண்ட் விஷயத்தை "ஒரு லைட்டு, ஒரு ஹீட்டர் பாயிண்ட், அவ்வளவுதானே" என்று முடித்துவிடுகின்றன. அந்த "அவ்வளவுதானே"வுக்குள் உயிர் போகிற விஷயங்கள் இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வயரிங் ஆளை எப்போது கூப்பிட வேண்டும்?

கொத்தனார் சுவரில் கை வைப்பதற்கு முன்னால். பிளம்பர் குழாய் பதித்து, டைல்ஸ் ஒட்டி, பெயிண்டர் ஏணி போட்ட பிறகு கூப்பிட்டால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. சுவர் மேலே பட்டை ஓட்டி, பக்கத்து அறை பிளக்கிலிருந்து லூப் எடுத்து ஒப்பேற்றுவார்கள். அப்படி ஒப்பேற்றின இடங்களில்தான் எர்த் வயர் விட்டுப்போகிறது. குளியலறைக்கென்று டிபியிலிருந்து, அதாவது வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டியிலிருந்து, தனி லைன் வரவேண்டும், ஹீட்டருக்கு ஒன்று, லைட்டுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சேர்த்து இன்னொன்று.

இன்னொரு வேலை உங்களுடையது. காடி வெட்டி பைப் பதித்ததும், பூசுவதற்கு முன்னால், அளவு டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு நாலு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து டவல் கம்பி மாட்ட, பெரியவர்கள் பிடித்து எழுந்துகொள்ள கைப்பிடி மாட்ட டிரில் போடும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும். கைப்பிடியின் ஸ்க்ரூ உள்ளே ஓடும் வயரைத் துளைத்துவிட்டால் கைப்பிடியிலேயே கரண்ட் ஏறும். அதைப் பிடிக்கப் போகிறவர் ஈரக் கையோடுதான் பிடிப்பார்.

வீடு முழுக்க அதே 230 வோல்ட்தானே, குளியலறையில் மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

ஷாக் ஆளைக் கொல்லுமா விடுமா என்பது உடம்பு வழியாக எவ்வளவு கரண்ட் ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. காய்ந்த கை, காலில் செருப்பு என்றால் உடம்பின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். சுண்டும், கையை உதறிக்கொண்டு போய்விடுவோம். குளிக்கும்போது தலை முதல் கால் வரை ஈரம், வெறுங்கால், காலடியில் ஈரத் தரை. தடை சுமார் ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும், அதற்குக் கீழேயும் போகலாம். 230ஐ ஆயிரத்தால் வகுங்கள், 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த குழாயை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டி ஒரு விநாடிக்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிற ஆபத்து வந்துவிடுகிறது. கீழ்தளத்தில் தரை நேரே மண் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கரண்ட் பூமிக்குப் போக அதைவிட நல்ல வழி வேண்டாம்.

எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழுந்துவிடாதா?

விழாது. இந்த ஒரு பதிலைப் படித்துவிட்டு மீதியை மறந்தாலும் பரவாயில்லை.

எம்சிபி வயரைக் காப்பாற்ற வைப்பது. லோடு அதிகமானால் விழும், ஷார்ட் ஆனால் விழும். 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16 ஆம்பியர் வரை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் அம்மா உடம்பு வழியாக ஓடுகிற 0.23 ஆம்பியர் அதன் கண்ணுக்கு ஒரு சின்ன பல்புக்குச் சமம். அது பாட்டுக்கு நிற்கும், ஆள் போய்விடுவார்.

ஆளைக் காப்பாற்ற வைப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது எட்டு ஆம்பியர், வந்தது கொஞ்சம் குறைவு என்றால் அந்தக் குறைவு வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும். 150 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் 0.04 விநாடிக்குள் விழ வேண்டும் என்பது விதி. சுருக்கென்று இருக்கும், பயந்துபோவோம், ஆனால் உயிரோடு இருப்போம்.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்தால் ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு பல்புதான், அதற்குத் தெரியாது. லோடு அதிகமானாலும் விழாது. அதனால் எம்சிபி, ஆர்சிசிபி இரண்டும் வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்து வருவது ஆர்சிபிஓ.

எந்த ஆர்சிசிபி வாங்குவது?

30 மில்லி ஆம்பியர். கடையில் 100, 300 என்று எழுதியதும் இருக்கும், அவை தீ விபத்தைத் தடுப்பதற்காக மெயினில் போடுபவை, ஆளைக் காப்பாற்றாது. ஐஎஸ் 12640 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். ஏசி டைப், ஏ டைப் என்று இரண்டு வகை கேட்பார்கள். இன்றைக்கு வாஷிங் மெஷின், எல்இடி, இன்வெர்ட்டர் ஏசி என்று எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக்ஸ் வந்துவிட்டதால் ஏ டைப் எடுங்கள், கொஞ்சம் விலை கூட இருந்தாலும்.

வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி போட்டு முடிப்பது செலவு குறைவு, ஆனால் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு மெஷினிலும் இயல்பாகவே துளித் துளியாகக் கசிவு இருக்கும், எல்லாம் சேர்ந்து காரணம் தெரியாமல் விழ ஆரம்பிக்கும். விழுந்தால் வீடே இருட்டு. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு யாராவது அதை பைபாஸ் பண்ணிவிடுவார்கள். புது குளியலறைக்கென்று தனி ஆர்சிபிஓ போட்டால் அந்தத் தொல்லையே வராது.

எர்த் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூணு ஓட்டை பிளக் இருக்கிறதே?

மேலே இருக்கும் பெரிய ஓட்டை இருப்பதால் அதன் பின்னால் வயர் இருக்கிறது என்று ஆகிவிடாது. மேடவாக்கம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கட்டி மூன்று மாதம்கூட ஆகாத குளியலறை, பாட்டி குழாயைத் திருகும்போதெல்லாம் விரலில் எறும்பு கடிப்பது போல இருக்கிறது என்கிறார், வீட்டில் யாரும் நம்பவில்லை. ஹீட்டர் சாக்கெட்டைக் கழற்றி முன்னால் இழுத்தேன். சிவப்பு வயர் இருந்தது, கறுப்பு வயர் இருந்தது. எர்த் பின்னில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை வயர் மாட்டியிருந்தார்கள், அதன் மறுமுனை பெட்டிக்குள்ளேயே சுருட்டி விடப்பட்டிருந்தது. டிபி வரைக்கும் பச்சை வயரே இழுக்கவில்லை. திறந்து எட்டிப் பார்க்கிறவருக்குப் பச்சை தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் மாட்டின வயர் அது. ஹீட்டர் காயிலில் கசிவு ஆரம்பித்திருந்தது, டேங்க் முழுக்க ஏறியிருந்த கரண்ட் தண்ணீர் வழியாகக் குழாய்க்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டினால் மட்டும் போதாது. அரைகுறை எர்த்திலும் மீட்டர் 230 காட்டும், ஏனென்றால் அது இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. நான் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுப் பார்ப்பேன். ஆர்சிசிபி இருக்கிற லைனில் போட்ட நொடியே அது விழ வேண்டும், இல்லாத லைனில் பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மினுக் மினுக்கென்று எரிந்தால் எர்த் செத்துக்கொண்டிருக்கிறது. இதை நீங்களே செய்யாதீர்கள், வேலை தெரிந்தவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

நியூட்ரலையே எர்த்துக்கும் லூப் பண்ணிக்கொடுத்தார் எலக்ட்ரீஷியன், பரவாயில்லையா?

இன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள். எங்கோ வெளியே நியூட்ரல் வயர் ஒன்று அறுந்தால் போதும், ஹீட்டரின் உலோக உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும், ஹீட்டர் எந்தப் பழுதும் இல்லாமல் இருந்தாலும். "எர்த் இழுக்க ரொம்ப தூரம் சார், இப்படி விட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆகும்.

நல்ல எர்த் குழி இருந்தால் ஆர்சிசிபி எதற்கு? ஆர்சிசிபி இருந்தால் எர்த் எதற்கு?

இரண்டு பக்கமிருந்தும் கேட்கிறார்கள், கணக்குப் போட்டே சொல்கிறேன்.

வீட்டு எர்த் குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அது நல்ல குழி. காயில் முழுசாகப் பழுதாகி ஃபேஸ் உடம்பைத் தொட்டால் எர்த் வழியாக 46 ஆம்பியர் வரை ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். அதனால் 46க்கு அது சூடேறித்தான் விழும், அதற்குச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிகளில் யாராவது குழாயைப் பிடித்திருந்தால்? குழி காய்ந்து தடை 20 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது பதினொன்றரை ஆம்பியர், எம்சிபி காலத்துக்கும் விழாது, ஹீட்டர் உடம்பில் வோல்டேஜ் அப்படியே நிற்கும். ஆகவே எர்த் மட்டும் போதாது.

எர்த் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால், காயில் கசிந்தாலும் கரண்ட் பூமிக்குப் போக வழி இல்லை, ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது. யாராவது தொட்ட பிறகு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் விழும். எர்த் இருந்தால் காயில் கசிய ஆரம்பித்த அன்றைக்கே, யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். 20 ஓம் குழியாக இருந்தாலும்கூட. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு என்று சொல்வது இதனால்தான்.

பழைய எர்த் குழியே போதுமா, புதுசு போட வேண்டுமா?

குழியைத் தேடிக் கண்டுபிடியுங்கள் முதலில். பாதி வீடுகளில் அதன் மேல் கார் நிறுத்தும் தரை போட்டு மூடியிருக்கிறார்கள். 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் ஆழம், சுற்றிலும் கரியும் உப்பும் என்பதுதான் நம் ஊரில் ரொம்ப காலமாகப் போடுவது. கெமிக்கல் எர்த் இப்போது அதிகம், அதுவும் சரி. எதுவானாலும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அளந்தால் உண்மை தெரியும், மழைக்காலத்தில் எல்லாக் குழியும் நல்ல குழிதான். பைப் உச்சியில் இருக்கும் போல்ட்டில் துரு இருந்தால் சுரண்டி இறுக்கவேண்டும், வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும்.

ஹீட்டருக்கு எத்தனை ஸ்கொயர் வயர்? ஸ்விட்ச் எங்கே?

15 லிட்டர், 25 லிட்டர் டேங்க் ஹீட்டர்கள் பெரும்பாலும் 2000 வாட், ஒன்பது ஆம்பியருக்குள்தான் இழுக்கும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் சின்னதாக இருக்கிறதே என்று நினைப்பார்கள், ஆனால் அது 3000 வாட், 13 ஆம்பியர். 4500 வாட்டிலும் வருகிறது, இருபது ஆம்பியரைத் தொடும். இரண்டரை ஸ்கொயர் (வயரின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்) காப்பர் டேங்க் ஹீட்டருக்குப் போதும் என்றாலும் நான் எப்போதும் நாலு ஸ்கொயர்தான் இழுக்கிறேன், பின்னால் யாராவது பெரிய ஹீட்டர் வாங்கி மாட்டினாலும் வயர் தாங்கும். பச்சை வயரும் அதே தடிமன்.

ஸ்விட்ச் கதவுக்கு வெளியே, எரிந்தால் தெரிகிற மாதிரி விளக்கு வைத்த டிபி ஸ்விட்ச், 20 அல்லது 32 ஆம்பியர். இங்கே டிபி என்றால் டபுள் போல், ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக வெட்டுவது. சாதாரண ஸ்விட்ச் ஒரு வயரை மட்டும் வெட்டும், வயர் மாற்றிக் கொடுத்திருந்தால் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் ஹீட்டருக்குள் ஃபேஸ் நிற்கும். 3000 வாட் ஹீட்டரைப் பிளக்கில் மாட்டாமல் கனெக்டர் வைத்து நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். தினம் அரை மணி நேரம் 13 ஆம்பியர் ஓடினால் தளர்ந்த பிளக் பின் கருகும், அந்த வாடை வந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குளிக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட வேண்டுமா?

டேங்க் ஹீட்டர் என்றால் ஆமாம், அணைத்துவிட்டுக் குளியுங்கள், சூடு டேங்கிலேயே இருக்கும். எர்த்தும் ஆர்சிசிபியும் சரியாக இருக்கிற வீட்டிலும் இந்தப் பழக்கம் நல்லதுதான்.

நம் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். காயில் மேல் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்து, சூடு வெளியே போக முடியாமல் காயில் உறை வெடிக்கும், உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியில் தண்ணீர் இறங்கும், அங்கே தொடங்குகிறது கசிவு. வருடம் ஒரு தடவை திறந்து காயிலைப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே இருக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்துபோயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

உள்ளே ஒரு பிளக் பாயிண்ட் வைக்கலாமா? ஷேவிங் மெஷினுக்கு, ஹேர் டிரையருக்கு?

ஷவரிலிருந்து 1.2 மீட்டர் தூரத்துக்குள், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை பிளக்கும் ஸ்விட்சும் கூடாது என்கிறது சர்வதேச விதிமுறை. இப்போது உங்கள் குளியலறையை அளந்து பாருங்கள். நாலுக்கு ஆறடிதானே கட்டுகிறீர்கள்? 1.2 மீட்டர் என்பது நாலடி. அறையின் அகலம் முழுக்க அதற்குள் வந்துவிட்டது. நம் வீடுகளில் ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பும் கிடையாது, பக்கெட்டில் மொண்டு ஊற்றினால் நாலு சுவரும் நனையும். அதனால் உள்ளே பிளக் வேண்டாம். தலை காயவைப்பதைப் படுக்கையறையில் வைத்துக்கொள்ளலாம். வாஷிங் மெஷினும் வெளியே, அல்லது தனித் தடுப்புக்கு அந்தப் பக்கம்.

குளிக்கிற சுவரின் பின்பக்கத்தில், அதாவது ஹாலிலோ அடுப்படியிலோ, ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லாமல் ஈரம் ஊறி அந்தப் போர்டுக்குள் இறங்கும். முடிந்தால் அதை அடுத்த சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

மாடிப்படிக்கு அடியில் கட்டுகிறோம், அங்கேதான் ஈபி மீட்டர் இருக்கிறது. என்ன செய்வது?

தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் இது ரொம்பச் சகஜம். மீட்டர், மெயின் ஸ்விட்ச், இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் படிக்கு அடியில்தான் இருக்கும். மீட்டரைச் சுற்றிச் சுவர் கட்டி, குளியலறைக்குள்ளேயே விட்டுவைத்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன், மீட்டர் மேல் பாலிதீன் பை சுற்றியிருந்தார்கள். பை வேண்டாம், மீட்டரை மாற்றுங்கள். உங்கள் ஏரியா ஈபி பிரிவு அலுவலகத்தில் மீட்டர் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டினால் அவர்களே வந்து மாற்றுவார்கள். சீலை நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ தொடக்கூடாது. புது ஹீட்டரால் லோடு கூடுகிறது என்றால் அதையும் அப்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். இதற்கு நாள் ஆகும், கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

லைட், எக்ஸாஸ்ட் ஃபேன்?

லைட் கூரையோடு ஒட்டி, தண்ணீர் புகாத மூடி போட்டது, தூசும் தண்ணீரும் புகாமல் தடுப்பதைச் சொல்லும் ஐபி எண் 44க்குக் குறையாமல். ஷவருக்கு நேர் மேலே என்றால் ஐபி 65. படிக்கு அடியில் கூரை சரிந்து வருமே, அங்கே உயரமானவர் கை தூக்கினால் லைட்டைத் தொடுவார், அதனால் உயரமான பக்கத்தில் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் வேண்டும், ஈரம் நின்றால் பெட்டிக்குள் எல்லாம் துரு.

குழாயைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. பெரிசா ஒண்ணும் இல்லை. பார்க்கணுமா?

குளியலறையை அந்த நிமிடமே பூட்டுங்கள். ஹீட்டர் எம்சிபியை இறக்குங்கள். இன்றைக்கு லேசாக இருப்பது உங்கள் காலடி காய்ந்திருப்பதால் இருக்கலாம், நாளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதே குழாயைத் தொடுகிறவர் உங்கள் குழந்தையாக இருக்கலாம். "டெஸ்டர் லேசாத்தான் எரியுது" என்பது சமாதானம் கிடையாது. குழாயில் டெஸ்டர் எரியவே கூடாது.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது, எடுத்துவிடலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்கிறார்.

ஆளை மாற்றுங்கள், ஆர்சிசிபியை விட்டுவையுங்கள். அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது, அல்லது வயரிங்கில் தப்பு இருக்கிறது. நான் அதிகம் பார்த்தது இரண்டு லைன்களின் நியூட்ரல் ஒன்றோடொன்று கலந்திருப்பது, குறிப்பாக பழைய வீட்டில் புது அறை சேர்த்த இடத்தில். போன கரண்ட் வேறு நியூட்ரல் வழியாகத் திரும்பினால் ஆர்சிசிபி அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம் கேட் லைட்டில், மொட்டை மாடி சாக்கெட்டில் மழைத் தண்ணீர். ஸ்விட்ச் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டி, மண்ணும் ஈரமுமாக இருந்ததைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்த்தால் எந்த லைன் என்று தெரியும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் எம்சிபியை இறக்கினாலும் விழும், அதற்கு மெக்கர் என்கிற இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டரை வைத்துத்தான் தேடவேண்டும், அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலியைக் கொடுங்கள்.

ஹீட்டர் இப்போதைக்கு வேண்டாம், பக்கெட்டில் ராடு போட்டுக்கொள்கிறோம். ஆன்லைனில் குழாயிலேயே சூடாக்குகிற டேப் விற்கிறார்களே, அது?

ராடு போட்ட பக்கெட்டில் "சூடாயிடுச்சா" என்று விரலை விட்டுப் பார்த்து இறந்தவர்கள் எத்தனையோ பேர். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ராடு வேண்டவே வேண்டாம். அந்த எலக்ட்ரிக் டேப்பில் காயில் உங்கள் கைக்கு நாலு அங்குலத்தில், ஓடுகிற தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, எத்தனையோ மாடல்கள் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமலே வருகின்றன, சிலவற்றில் எர்த் பின்னே இல்லை. நான் மாட்டித் தருவதில்லை. அதுவரை அடுப்பில் சுடவைத்து விளாவிக்கொள்ளுங்கள்.

கரண்டே வேண்டாம் என்று கேஸ் கெய்சருக்குப் போகிறவர்களும் உண்டு. அதை மூடின குளியலறைக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து வாசனையே தெரியாமல் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். வெளிச்சுவரில் மட்டும்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் ஏதாவது தனியாகப் பார்க்கணுமா?

மெயினை இறக்கிவிட்டோம், இனி பயமில்லை என்று குளியலறை லைட்டைக் கழற்றப் போவார்கள், இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும். மெயினையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து போகிற லைனுக்குத் தனி ஆர்சிசிபி போடுங்கள், மெயின் பக்கத்தில் இருப்பது பவர் கட் நேரத்தில் இந்த லைனைக் காப்பாற்றாது.

எங்கள் தெருவில் மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வரும்.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கமும் கீழ் வீடுகள் எப்படி மூழ்கின என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் கீழ்தள வயரிங்கை மேலிருந்து கீழே இறக்குங்கள், தரைக்குள் பைப் ஓட்டாதீர்கள். கீழ்தளத்துக்கென்று தனி ஐசொலேட்டர் வைத்து அதை மாடியில் வைத்தால், தண்ணீரில் கால் வைக்காமலே கீழே மொத்தமும் வெட்டலாம். மெயின் கீழேதான் இருக்கிறது, தண்ணீர் ஏறிவிட்டது என்றால் நடந்து போய் அணைக்க முயலாதீர்கள், மின்னகம் 94987 94987 எண்ணுக்குக் கூப்பிட்டு லைனையே நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு சாக்கெட்டுகளைத் திறந்து காயவைத்து, இன்சுலேஷன் பார்த்த பிறகுதான் போடவேண்டும்.

பழைய ஜிஐ பைப் இருக்கிறது. அதற்கும் எர்த் கொடுக்கணுமா?

உலோகக் குழாய், உலோக ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் பச்சை வயரால் ஒன்றாக இணைத்து எர்த்தில் சேர்த்துவிடுங்கள். புதுசாக சிபிவிசி பிளாஸ்டிக் பைப் போட்டால் அந்தக் குழாய்க்குத் தேவையில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்துவது கூடாது. நடுவில் பிளம்பர் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப் மாற்றினால் எர்த் போயிற்று.

வயதானவர்களுக்காக வேறு என்ன செய்யலாம்?

தரையில் விழுந்தாலும் எட்டுகிற உயரத்தில் பேட்டரியில் ஓடுகிற வயர்லெஸ் பெல் ஒன்று ஒட்டுங்கள், 230 வோல்ட் பெல் ஸ்விட்சை உள்ளே கொண்டுபோகாதீர்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளோடு இருக்கட்டும். உள்ளே ஒருவர் ஷாக் அடித்து விழுந்திருக்கிறார் என்றால் கதவை உடைக்கிற நேரத்தில் உயிர் போய்விடும். முதலில் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள், அப்புறம்தான் அவரைத் தொட வேண்டும். 108க்கு ஒருவர் கூப்பிடட்டும். மூச்சு இல்லை என்றால் இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் வேகமாக, ஆழமாக, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அழுத்திக்கொண்டே இருக்கட்டும்.

வேலை முடிந்தது என்கிறார். பணம் கொடுக்கும் முன் நான் என்ன பார்ப்பது?

வயர்மேன் சான்று வைத்திருக்கிறவரா என்பதை ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது, ஹீட்டர் பாயிண்டின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பச்சை வயர் சுவருக்குள் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதே பச்சை டிபிக்குள் எர்த் பட்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பல்பு சோதனையை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக ஆர்சிபிஓவில் T என்று எழுதிய டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்துங்கள், டக்கென்று விழவேண்டும். அந்தப் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்தவேண்டும், ரொம்ப நாள் அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிப்போகும். ஈபி பில் கட்டுகிற நாளை ஞாபகம் வைத்திருப்பதைப் போல இதற்கும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது ஒன்றாம் தேதி, அழுத்துவது என் அம்மா. டிபியில் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், கண்ணாடி போடாமலே அவருக்குப் படிக்க முடிகிறது.